பனிக்கு முந்திப் புறப்படும் வீடுகள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மன்னாரை அடுத்த வங்காலைக் கரையோரம் போனவர்கள் அங்கே ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் பிற நீர்ப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் வந்து கடனீரேரியை நிறைத்திருக்கும். வட ஆசியாவின் பனிநிலங்களில் நீர் உறையத் தொடங்குமுன்னர் அவை புறப்பட்டு வருகின்றன. பங்குனி, சித்திரையளவில் வந்த வழியே திரும்பிவிடுகின்றன. கூட்டைச் சுமந்துகொண்டு அவை வருவதில்லை. சிறகு ஒன்றே அவற்றின் உடைமை.

கூட்டையும் உடன் கொண்டு தெற்கே போகும் பறவைகள் வட அமெரிக்காவில் உள்ளன. அவை மனிதப் பறவைகள். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் முதியோரிற் பெருந்தொகையினர் குளிர்காலம் தொடங்குமுன் தெற்கே போய், வசந்தம் பிறந்த பின் வடக்கே திரும்புகின்றனர். இவர்களைப் 'பனிப்பறவைகள்' என்று அந்நாட்டார் அழைப்பர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குளிர்காலத்து உணவுக்காகவும் கூரைக்காகவும் மட்டும் படையிற் சேர்ந்து, வெயில் வந்ததும் நழுவிவிடும் ஆட்களைக் குறிக்க வழங்கிய சொல் அது. இன்று அது மதிப்புள்ள முதியோரின் பெயராகிவிட்டது.

இவர்களுட் சிலர் தெற்கிலும் ஒரு வீடு வைத்திருப்பர். வேறு சிலர் வாடகைக்கு இடம் பிடிப்பர். நாம் இவ்வாரம் பேச எடுத்துக்கொண்டது மூன்றாவது கூட்டத்தாரைப் பற்றியே. இவர்கள் இருந்த வீட்டை விற்றுவிட்டுச் சக்கரம் பூட்டிய வீடொன்றை வாங்கி, ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பவர்கள். வடக்கே திரும்பினாலும் இவர்களுக்கு அங்கே திறப்பதற்கு ஒரு கதவு இல்லை. கதவு இவர்களுடனேயே பயணஞ் செய்கின்றது.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். வளவும் கிணறும் வேலியும் படலையும் இல்லாத ஒன்றை வீடென்று எவ்வாறு அழைப்பது? இந்தக் கேள்விக்கு அவர்கள் தம் வாழ்க்கையால் என்ன விடை தருகின்றனர் என்று பார்ப்போம். அந்த விடை நம்முடைய குடும்பங்களுக்கும் உதவக்கூடியது என்பது நம் எண்ணம்.

வண்டியும் வீடும்

இவ்வண்டிகளை அமெரிக்கர் 'ஆர்.வி.' என்று இரண்டெழுத்தாற் சுருக்கிச் சொல்வர். நாம் வீட்டு வண்டி என்போம். பெரிய பஸ் வண்டியைப் போன்ற உடலில் சாரதியின் ஆசனமும் வீடும் ஒன்றாக அமைந்திருப்பது ஒரு வகை. லொறியின் அடித்தளத்தில், சாரதியின் தலைக்கு மேலும் ஒரு படுக்கை நீண்டிருக்குமாறு கட்டப்படுவது இன்னொரு வகை. சொந்த இயந்திரம் இன்றி, காரோ பிக்கப் வண்டியோ இழுத்துச் செல்லும் கரவன் மூன்றாவது வகை. பிக்கப் வண்டியின் பின்தட்டிலேயே கொளுவி இழுக்கும் பெருங்கரவனை 'ஐந்தாஞ் சக்கரம்' என்கின்றனர். பெரிய வண்டிகள் எட்டரை அடி அகலமும் 45 அடி வரை நீளமும் உடையவை. நிறுத்திய பின் ஒரு பொத்தானை அமுக்கினால், சுவரின் ஒரு பகுதி வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். இவற்றிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்காட் என்னும் மாவட்டத்திலேயே செய்யப்படுகின்றது.

உள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை, மலசலகூடம் யாவும் உண்டு. இவ்வளவுக்கும் உயிர் கொடுப்பவை தரைக்கு அடியில் இருக்கும் மூன்று தாங்கிகள். ஒன்றில் நன்னீர், மற்றொன்றில் குளித்ததும் பாத்திரங் கழுவியதுமான நீர், மூன்றாவதில் மலநீர். முதலாவது வற்றிவிடக் கூடாது; மற்ற இரண்டும் நிரம்பிவிடக் கூடாது. பெரிய வண்டியொன்றின் நன்னீர்த் தாங்கி ஏறக்குறைய 100 அமெரிக்கக் கலன், அதாவது 380 லீற்றர் கொள்ளும். ஊரிலே கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி ஊற்றும் நாம் இதைக் கேட்டால் சிரிப்போம். அவர்களோ உடம்பை நனைத்துக் குழாயைப் பூட்டி, சவர்க்காரம் தேய்த்த பின் மீண்டுந் திறந்து குளிக்கக் கற்றுக்கொண்டு, அந்நீரை ஒரு கிழமைக்கு மேலும் வைத்து வாழ்கின்றனர்.

வீட்டை விற்று வண்டிக்குட் புகும் நாளே பெரிய சோதனை நாள். ஒவ்வொரு வண்டியிலும் அது தாங்கும் பாரம் இவ்வளவு என்று எழுதி ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் ரயர் வெடிக்கும், தடை பிடிக்காது. நாற்பது ஆண்டு சேர்த்த புத்தகம், பீங்கான், பியானோ, கலியாணத்துக்கு வந்த வெள்ளிச் சாமான் எல்லாவற்றையும் முற்றத்திற் பரப்பி, எதை வைப்பது எதை விடுவது என்று கணவனும் மனைவியும் ஆராய வேண்டும். பிள்ளைகளைக் கேட்டால், அவர்களுடைய வீட்டிலும் இடமில்லை என்பார்கள். கடைசியில் வண்டியில் ஏறுவது சில சட்டி பானைகளும் உடுப்புகளும் மருந்துகளும் ஒரு படத் தொகுப்புமே. இத்தனை நாளும் எதற்காக இவற்றைச் சேர்த்தோம் என்ற கேள்வி அன்று அவர்களுக்கு எழுமாயின், அதுவும் ஒரு கல்வியே.

உறைபனியின் கட்டளை

இவர்கள் தெற்கே போவது வெயில் காய்வதற்காக மட்டுமே என்று எண்ணுதல் தவறு. வடக்கே நின்றால் வண்டி தாங்காது. நீர் உறையும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்களவு பெருகுகின்றது. கல்வீட்டின் சுவருக்குள் ஓடும் குழாய்க்கு அடுப்பின் சூடாவது துணை. வண்டியின் சுவரோ இரண்டொரு அங்குலத் தடிப்பே உடையது. ஒரே இரவில் குழாய் உறைந்து வெடித்துவிடும். வெளியே கடுங்குளிராயிருக்கையில் இருவர் உள்ளே மூச்சு விட்டுச் சமைத்தாலே போதும். சுவர்களில் ஈரம் வழிந்து பூஞ்சணம் பிடிக்கும். சூடாக்கும் அடுப்பை ஓயாமல் எரித்தால், 30 இறாத்தல் வாயுச் சிலிண்டர் ஒன்று இரண்டு மூன்று நாளில் வெறுமையாகிவிடும். விடுமுறைக்கு மட்டும் வண்டி வைத்திருப்போர் குழாய்களில் உறையாத் திரவத்தை நிரப்பி, வண்டியை மூடிவிட்டு வீட்டுக்குள் போய்விடலாம். வண்டியே வீடானவர்களுக்கு அந்த வழி இல்லை.

மினசோட்டா மாநிலத்து மினியாப்பொலிஸ் நகரத்தில் ஜனவரி மாதத்துச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 9 பாகை செல்சியஸ். அதே மாதத்தில் அரிசோனாவின் தாழ்ந்த பாலைவனத்திலே பகல் வெப்பம் 20 பாகையளவில் நிற்கும். இரண்டுக்கும் இடையே தெருவழியாக 1,700 மைலுக்கு மேல். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரத்தைப் போல அது ஏறக்குறைய ஏழு மடங்கு. கலனுக்கு 8 மைல் ஓடும் பெரிய வண்டிக்கு ஒரு வழிக்கு மட்டும் 200 கலனுக்கு மேல் எரிபொருள் வேண்டும். ரொக்கி மலைக் கணவாய்களில் ஒக்டோபரிலேயே பனி விழக்கூடும். ஆதலாற் பலர் சமவெளி வழியே தெற்கே இறங்கி, அதன் பின்னரே மேற்கே திரும்புகின்றனர். அவசரப்படுவோர் குறைவு. நாளொன்றுக்கு 200 மைல் ஓடி, மாலை மங்குமுன் ஓரிடத்தில் நிறுத்திவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. 1919ஆம் ஆண்டிலே புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரின் டி சோட்டோ பூங்காவில், மோட்டார் வண்டியிற் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு வந்த வடக்கத்தியார் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தனர். தகரத்தில் அடைத்த உணவை உண்டு காலங் கழித்தபடியால், 'தகரப் பேணிப் பயணிகள்' என்பது அவர்கள் பெயராயிற்று. வெறும் பேணியொன்றை வண்டியின் முன்மூடியில் ஒட்டிக்கொள்வது சங்கத்தாரின் அடையாளம். 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு மாதந்தோறும் வரும் பணத்துக்கு வழி செய்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்கள் எழுந்தன. பணமும் பாதையும் கிடைத்த பின், தகரப் பேணிப் பயணிகளின் பேரப்பிள்ளைகள் வீட்டையே உருட்டிக்கொண்டு புறப்பட்டதில் வியப்பில்லை.

பாலைவனத்தில் ஒரு பட்டினம்

கிழக்கு மாநிலத்தார் பெரும்பாலும் புளோரிடாவை நாடுகின்றனர். நடுநாட்டு உழவர்கள் பலர் டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகின்றனர். அங்குள்ளோர் இவர்களைக் 'குளிர்கால டெக்சாஸ்காரர்' என்று அன்போடு அழைக்கின்றனர். மேற்கே போவோர் அரிசோனாவின் யூமா நகரையும் அதன் அயலையும் சேர்கின்றனர். யூமாவுக்கு அருகே எல்லையைக் கடந்தால் லொஸ் அல்கொடோனஸ் என்னும் மெக்சிக்கோவின் சிற்றூர். அச்சிற்றூரிற் பல்வைத்தியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றனர். முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்புறுதி, வழக்கமான பல்வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. ஆகவே காலையில் எல்லை தாண்டிப் பல்லைக் கட்டிக்கொண்டு மாலையில் வண்டிக்குத் திரும்புவோர் மிகப் பலர்.

இவை எல்லாவற்றுள்ளும் வியப்பானது யூமாவுக்கு வடக்கேயுள்ள குவார்ட்சைற் என்னும் ஊர். 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே நிலையாக வாழ்ந்தோர் 2,413 பேர். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது தெருவில் ஆளைக் காண்பது அரிது. ஜனவரி மாதத்திலோ சுற்றியுள்ள பாலைவனம் முழுவதும் வெள்ளை வண்டிகளாற் பூத்துக் கிடக்கும். இரத்தினக் கற்களும் கனிமக் கற்களும் விற்கும் சந்தைகள், பெரிய கூடாரத்துக்குள் நடக்கும் வீட்டு வண்டிக் கண்காட்சி, பழைய இரும்புக் கடைகள், பாட்டுக் கச்சேரிகள் என்று நம்மூர்க் கொடியேற்றத் திருவிழாவைப் போல ஊர் கலகலக்கும். குளிர்காலம் முழுவதிலும் வந்துபோவோரை இலட்சக் கணக்கில் எண்ண வேண்டும்.

அவ்வூரின் இடுகாட்டிலே கூர்நுனிக் கோபுரமாகக் கட்டிய கல்லறை ஒன்று உண்டு. அதன் உச்சியில் ஓர் ஒட்டகம் நிற்கின்றது. 1856ஆம் ஆண்டிலே அமெரிக்கப் படையினர் பாலைவனத்திற் சுமை காவுவதற்கு ஒட்டகங்களை இறக்குமதி செய்தனர். அவற்றை நடத்துவதற்கு வந்தவர்களுள் ஒருவர் ஹாஜி அலி. அந்தப் பெயர் அமெரிக்கரின் நாவில் 'ஹை ஜொலி' என்று திரிந்தது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. 1902ஆம் ஆண்டில் குவார்ட்சைற்றில் இறந்தார். 1935ஆம் ஆண்டில் அவருக்கு இந்நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. ஆண்டுதோறும் வந்து திரும்பும் பறவைகளின் நடுவே, வந்து திரும்பாத ஒருவரே அவ்வூரின் பெயர்பெற்ற மனிதராக இருக்கின்றார்.

ஊரைச் சூழ்ந்த நிலம் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமானது. பொதுவாக அத்தகைய நிலத்தில் 14 நாள் மட்டுமே தங்கலாம். அதன் பின் வண்டியை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். பனிப்பறவைகள் பெருகியதைக் கண்ட நில நிருவாகப் பணியகம், 1983ஆம் ஆண்டில் நெடுங்காலத் தங்குமிடங்கள் என்று சில பரப்புகளை ஒதுக்கியது. அவற்றுள் ஒன்றான லா போசா 11,000 ஏக்கருக்கு மேற்பட்டது. செப்டெம்பர் 15ஆம் திகதி தொடங்கி ஏப்பிரில் 15ஆம் திகதி வரை, ஏழு மாதத்துக்கு ஒரே அனுமதிச் சீட்டு. பல்லாண்டுகளாக அதன் விலை 180 டொலராக இருந்தது. நாளுக்கு ஒரு டொலருங்கூட இல்லை! அதற்குக் கிடைப்பது வெறுந் தரையும் வானமும், தண்ணீர் பிடிப்பதற்கும் கழிவைக் கொட்டுவதற்கும் பொதுவான ஓர் இடமுமே. மின்கம்பி இல்லை. கூரையில் விரித்த சூரியத் தகடுகள் பகலெல்லாம் பற்றரியை நிரப்ப, இரவில் அந்த மின்சாரத்திலே விளக்கு எரிகின்றது.

இங்கே அயலவர் என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் உண்டு. நேற்று வந்து பக்கத்தில் நிறுத்தியவர் இன்று நம் அயலவர். நாளை அவர் போய்விடலாம். ஆயினும் பற்றரி இறங்கிப்போனால் கம்பி கொடுப்பார். கூரை ஒழுகினால் ஏணி கொண்டு வருவார். மாலையில் நெருப்பு மூட்டி நாற்காலியைப் போட்டு அழைப்பார். ஒவ்வோர் ஆண்டும் அதே கள்ளிச் செடியின் அருகே வந்து சேரும் குடும்பங்கள் உண்டு. ஜனவரி பிறந்தும் ஒரு வண்டி வந்து சேராவிட்டால் மற்றவர்கள் தொலைபேசியில் விசாரிக்கத் தொடங்குவார்கள்.

விரும்பி வந்தோரும் வேறு வழியின்றி வந்தோரும்

இதுவரை சொன்னவற்றால் இவ்வாழ்க்கை முழுவதும் உல்லாசம் என்று எண்ணிவிடலாகாது. 2008ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பொருளாதாரம் சரிந்தபோது, வீட்டுக் கடனைக் கட்ட இயலாமலும் சேமிப்பை இழந்தும் முதுமையில் வண்டிக்குட் குடிபுகுந்தோர் பலர். ஜெசிக்கா புரூடர் என்னும் பெண் பத்திரிகையாளர் அவர்களோடு சேர்ந்து பயணஞ் செய்து 2017ஆம் ஆண்டில் 'நோமாட்லான்ட்' என்ற நூலை வெளியிட்டார். அதனைத் தழுவிக் குளோயி சாவோ நெறிப்படுத்திய திரைப்படம் 2021ஆம் ஆண்டிற் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது.

இத்தகையோருக்குப் பயணம் வேலையைத் தொடர்ந்து போவதாகும். கோடையிற் காட்டுப் பூங்காக்களிலே தங்குமிடம் காத்து, மலசலகூடங் கழுவி, அதற்கு ஈடாக வண்டி நிறுத்த இடமும் சிறு கூலியும் பெறுகின்றனர். ஒக்டோபர் மாதத்திலே வடக்கு டகோட்டா, மினசோட்டா மாநிலங்களின் எல்லையிலுள்ள சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கிற் சர்க்கரைப் பீற் கிழங்கு அறுவடை நடைபெறும். நாளுக்கு 12 மணி நேரம், இரவும் பகலும் முறை மாற்றி வேலை. அங்கே கிழங்கை மலைமலையாகத் திறந்த வெளியிற் குவித்து விடுகின்றனர்; குளிர்காலத்து உறைபனியே அதைக் கெடாமற் காக்கின்றது. கிழங்கைக் காக்கும் அதே பனி வேலையாளைத் துரத்துகின்றது. அறுவடை முடிந்த மறுநாளே வண்டிகள் தெற்கே திரும்பும். சில ஆண்டுகள் அமேசன் நிறுவனமும் நத்தார்க் காலத்துப் பண்டசாலை வேலைக்கு இவ்வாறான வண்டிக் குடும்பங்களைத் தனியாகச் சேர்த்துவந்தது.

பாலைவனத்திற் பார்த்தால், இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியுள்ள பஸ் வண்டியும் பழைய சிறு வானும் அருகருகே நிற்கும். இருவருக்கும் வெயில் ஒன்றே. நெஞ்சில் உள்ளது ஒன்றன்று. வீட்டைத் தாமே பூட்டித் திறப்பைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டுப் போவதற்கும், வேறு வழியின்றிப் போவதற்கும் இடையேயுள்ள தூரத்தை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முகவரி எங்கே?

வீடு சக்கரத்தில் ஓடலாம். அரசாங்கம் சக்கரத்தில் ஓடுவதில்லை. வண்டிக்கு இலக்கத் தகடு, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வங்கிக் கணக்கு, வாக்குரிமை யாவும் 'உமது நிலையான முகவரி யாது?' என்றே கேட்கின்றன. ஆகவே இவர்கள் ஊரே இல்லாமல் ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டியவராகின்றனர். மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மூன்றையுமே பெரும்பாலோர் நாடுவர். தெற்கு டகோட்டாவில் ஓரிரவு தங்கியதற்கான பற்றுச்சீட்டைக் காட்டி, சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம் என்பது இவர்களிடையே பெயர்பெற்ற விதி.

டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்ரன் என்று ஒரு சிற்றூர். ஜோ பீற்றர்சன், கே பீற்றர்சன் என்ற தம்பதிகள் 1978ஆம் ஆண்டில் 'எஸ்கேப்பீஸ்' என்னும் சங்கத்தைத் தொடங்கினர். அதன் தலைமையகம் அவ்வூரில் அமைந்தது. சங்கத்தின் பெரும்பணிகளில் ஒன்று தபால். உறுப்பினர் குடும்பங்களுக்கு அங்கே ஆளுக்கோர் இலக்கம் உண்டு; கடிதங்கள் யாவும் அங்கே வந்து சேரும்; நாட்டின் எந்த மூலையில் வண்டி நிற்கின்றதோ அங்கே கட்டாக அனுப்பப்படும். பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே தெருவில் வசிப்பதாக ஏட்டில் இருக்கும். தெருவிற் போய்ப் பார்த்தால் அவர்களைக் காணமுடியாது! அவர்கள் அம்மாவட்டத்தில் வாக்களிக்கலாமா என்ற கேள்வி 2000ஆம் ஆண்டளவில் நீதிமன்றம் வரை சென்றது. முகவரி என்பது எவ்வளவு பெரிய சொத்து என்பதை அதை இழக்கும் நிலைக்கு வந்தவர்களே அறிவர்.

கனடியருக்கோ இந்தக் கணக்கு இன்னுங் கடினமானது. அமெரிக்காவில் அவர்கள் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம். ஒன்ராறியோ மாநிலத்தார் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால், மாநிலத்தின் இலவச வைத்திய உரிமையை இழக்க நேரிடும். ஆதலால் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் குறித்து வைக்கின்றனர். 30 நாளுக்கு மேல் அமெரிக்காவில் தங்கும் அந்நியர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி 2025ஆம் ஆண்டு ஏப்பிரிலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டில் இரு நாடுகளுக்குமிடையே எழுந்த வரிப் பிணக்கின் பின், கனடியர் பலர் தெற்கே போவதை நிறுத்திக்கொண்டனர். பறவைக்கு எல்லைக்கோடு இல்லை, பனிப்பறவைக்கு உண்டு.

சக்கரம் ஓய்ந்த பின்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகின்றோம். அறுபது வயதில் 40 அடி வண்டியை ஓட்டுவது வேறு. எண்பது வயதில் ஓட்டுவது வேறு. கண் மங்கும், கை நடுங்கும், கணவனுக்குப் பாரிசவாதம் வரும். பெரிய வண்டியை ஒருபோதும் ஓட்டிப் பழகாத மனைவி, நடுவழியில் என்ன செய்வாள்? வீட்டையோ விற்றாயிற்று. விற்ற விலைக்கு மீண்டும் ஒரு வீடு வாங்கவும் முடியாது. பிள்ளைகள் நான்கு திசையில் இருப்பார்கள். சுதந்திரம் என்று தொடங்கியது, ஒரே நாளில் ஆதரவற்ற நிலையாகிவிடக்கூடும்.

அதனாலேதான் இவ்வாழ்க்கையில் தேர்ந்தவர்கள், புதிதாக வருவோருக்கு முதலிற் சொல்வது புறப்படும் வழியையன்று; இறங்கும் வழியையே. இருவரும் வண்டி ஓட்டப் பழகுங்கள். உங்கள் நோயையும் மருந்தையும் ஒரு தாளில் எழுதிக் கதவருகே வையுங்கள். உங்களுக்குப் பேச முடியாமற் போனால் யார் முடிவு செய்வது என்பதைச் சட்டப்படி எழுதிக் கொடுங்கள். வீடு விற்ற பணம் முழுவதையும் வண்டியிற் போடாதீர்கள். வண்டி நாளுக்கு நாள் விலை இறங்கும் பொருள். இவை அவர்களுடைய புத்திமதிகள்.

பீற்றர்சன் தம்பதிகளின் சங்கத்தார் இன்னும் ஒரு படி மேலே போயினர். பயணஞ் செய்ய இயலாத உறுப்பினருக்காக 1990களில் லிவிங்ஸ்ரனிலேயே ஒரு பராமரிப்பு நிலையத்தை நிறுவினர். அங்கே சேர்பவர் தம் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. வண்டியை அந்நிலையத்தின் அருகிற் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதே படுக்கையில், அதே சன்னலருகே வாழலாம். உணவு நிலையத்தின் பொது மண்டபத்திற் கிடைக்கும். உடுப்புத் துவைக்கவும் அறை கூட்டவும் உதவியாளர் வருவார். வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வண்டி உண்டு. நோயிற் கிடக்கும் கணவனைப் பகலில் ஒப்படைத்துவிட்டு மனைவி சற்று இளைப்பாறலாம். உடன் உண்போர் யாவரும் ஒரு காலத்தில் அதே பாலைவனத்தில் அதே நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள். வெளியூர்களுக்குப் புறப்படும் வண்டிகளைச் சன்னலூடாகப் பார்த்துக் கையசைப்பார்கள்.

வீடு என்பது எது என்று தொடக்கத்திற் கேட்டோம். சுவரும் கூரையும் நிலமும் இல்லாமலும் வாழ முடியும் என்று இவர்கள் காட்டிவிட்டனர். ஆனால் கடிதம் வந்து சேரும் ஓரிடமும், வராவிட்டால் விசாரிக்கும் ஒரு மனிதரும், இயலாத காலத்தில் இறங்கிக்கொள்ள ஒரு நிழலும் இல்லாமல் அவர்களாலும் வாழ முடியவில்லை. சக்கரம் பூட்டிய வீட்டுக்கும் அம்மூன்றையும் அவர்கள் தேடிக்கொண்டனர்.

நம்மிடையே வீட்டு வண்டி இல்லை. ஆயினும் ரொறன்ரோவிலிருந்து மார்கழியில் யாழ்ப்பாணம் வந்து, பங்குனி வெயில் ஏறியதும் திரும்பும் நம்முடைய முதியோரும் ஒருவகைப் பனிப்பறவைகளே. அந்த 212 நாட் கணக்கு அவர்களுக்கும் உண்டு. மூத்த மகனிடம் சில மாதம், இளைய மகளிடம் சில மாதம் என்று ஒரு சூட்கேசோடு மாறி மாறி இருக்கும் தாய் தந்தையரும் நம் ஊரிலேயே இருக்கின்றனர். அவர்களுடைய சாமான் எங்கே இருக்கின்றது, கடிதம் எந்த முகவரிக்கு வருகின்றது, பயணஞ் செய்ய முடியாத நாளிலே அவர்கள் எங்கே இருக்க விரும்புகின்றனர் என்பவற்றை நாம் கேட்டிருக்கின்றோமா? அந்நாள் வந்த பின் கேட்டால், விடை பிள்ளைகளுடையதாகவே இருக்கும். இன்று கேட்டால், அது அவர்களுடையதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கேட்பதற்கு இது பொருத்தமற்ற கேள்வியன்று.

இந்தப் பருவம் முடிய, குவார்ட்சைற்றிலிருந்து வண்டிகள் வடக்கே திரும்பும். வங்காலையிலிருந்து வாத்துகளும் எழும்பும். அவை போன பின் கடனீரேரி வெறுமையாய்க் கிடக்கும். அடுத்த ஐப்பசியில் எத்தனை திரும்பி வரும் என்று எண்ணுவதற்கு அங்கே ஆட்கள் இருக்கின்றனர். ஒவ்வொரு முதியவருக்கும் அவ்வாறு எண்ணிக் காத்திருக்கும் ஒருவராவது இருக்க வேண்டும்.